நூற்றெட்டில் யாரோ இருக்கிறார்கள்

அன்று அந்த ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தவர்கள்:

ஆறுமுகச்சாமி அண்ணாச்சி. முதலாளி. சங்கரன்கோவில் தறிச் சேலைகளை மொத்தமாக எடுத்து ஊர் ஊருக்கு அனுப்புகிறவர்.

ராஜேஸ்வரி அக்கா. பில் போடுகிறவர்.

லிங்கேஷ். அண்ணாச்சியின் அக்கா மகன். சரக்கு எடுத்துக் கொடுப்பதும் அண்ணாச்சி சொல்வதற்குத் தலையாட்டுவதும் அவன் வேலை.

ஷிரின் பானு. கடையநல்லூர் கிளையைப் பார்த்துக்கொள்கிறவள். வரச் சொன்னதால் வந்திருந்தாள்.

நான், ஜெயசிங். கம்ப்யூட்டர் பார்க்க வந்தவன்.

கடையநல்லூர் கடையில், போனின் மறுமுனையில், முகம்மது சாதிக் என்ற விற்பனையாள். அவன் மாடியில் இல்லை. ஆனால் அண்ணாச்சியின் சந்தேகத்தில் அவனுக்கும் பங்கு இருந்தது.

கோளாறு இதுதான். இரண்டு கடைக்கும் சேர்த்துக் கணக்கு முழுவதும் சங்கரன்கோவில் மாடியில் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதைச் சர்வர் என்பார்கள். ராஜேஸ்வரி அக்கா அதன் முன்னாலேயே உட்கார்ந்து பில் போடுவார். கடையநல்லூரில் சேலை விற்றால் அங்கிருக்கும் கம்ப்யூட்டர் இன்டர்நெட் வழியாக இந்தச் சர்வருக்குள் வந்து எழுதிவிட்டுப் போகும். அப்போதுதான் பில் வரும். கொஞ்ச நாளாக அந்த இணைப்பு அடிக்கடி அறுந்துகொண்டிருந்தது. அறுந்த நேரங்களில் அங்கே கையால் எழுதி பில் கொடுத்தார்கள். கையால் எழுதுவது என்றாலே அண்ணாச்சிக்குத் திருட்டு என்றுதான் அர்த்தம்.

"நான் இங்கன உக்காந்திருந்தா லைன் தங்கமா ஓடுது. நான் அந்தப் பக்கம் நகந்தா அறுந்துருது. நான் இருக்கதும் போறதும் மெஷினுக்குத் தெரியுமாவே?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியாது."

"அப்போ மனுசனுக்குத்தான தெரியும்?"

நல்ல வாதம். எனக்கே சரி என்று பட்டது. சென்னையில் ராத்திரி ஷிப்டில் நான் பார்த்த வேலை இதே மாதிரிதான். அமெரிக்காவில் எவனோ ஒருவன் தன் கம்பெனி சர்வர் கிடைக்கவில்லை என்று கூப்பிடுவான். என்ன மாற்றினாய் என்று கேட்பேன். ஒன்றும் மாற்றவில்லை என்பான். அநேகமாக எல்லோரும் மாற்றியிருப்பார்கள். அந்த வேலையை விட்டு வந்துவிட்டேன். ஏன் விட்டேன் என்று இந்த ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். நான் எதையும் மறுக்கவில்லை. ஆனால் வேலை கற்றுக்கொடுத்தது போகவில்லை. யார் சொன்னாலும் முதலில் பொய் என்றுதான் வைத்துக்கொள்வேன்.

ஷிரின் பானுவையும் அப்படித்தான் பார்த்தேன். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவள் போனை அண்ணாச்சி வாங்கி, தன் மேசை மேல் கவிழ்த்து வைத்திருந்தார்.

"லைன் போகும்போதெல்லாம் மொதல்ல போன் போட்டுச் சொன்னது நான். களவாங்குதவ எவளாவது தானே போன் போடுவாளா அண்ணாச்சி?"

"வெவரமானவ போடுவா" என்றார் அண்ணாச்சி.

முந்தின நாள் அவர் ஒரு காரியம் செய்திருந்தார். புளியங்குடியிலிருந்து தென்காசி வரை ஜவுளிக்கடை முதலாளிகள் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் வைத்திருக்கிறார்கள். அதில் தன் குரலில் போட்டிருந்தார்: கடையநல்லூர்ல நம்ம கடைப் பிள்ள விசயத்துல எல்லாரும் கொஞ்சம் கவனமா இருந்துக்கிடுங்க, மீதிய நாளைக்குச் சொல்லுதேன். அந்த நாளைக்கு என்பது இன்று. மீதியைச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு ஷிரின் பானுவை எந்தக் கடையிலும் கல்லாப் பக்கம் விடமாட்டார்கள். வேறு வேலை அவளுக்குத் தெரியாது. அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"நீ ஒண்ணும் பெருசா செய்ய வேண்டாம். பாத்துட்டு, கோளாறு கடையநல்லூர்லதான்னு ஒரு வார்த்த சொல்லு. உன் குரல்லயே குரூப்ல போட்டுருதேன். படிச்சவன் சொன்னதா இருக்கட்டும்" என்றார் என்னிடம்.

"பாத்துட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி."

"பாக்க என்ன இருக்கு?"

பார்த்தேன். சர்வரில் டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து வருவதை ஏற்கச் சொல்லித்தான் வைத்திருந்தார்கள். ஃபயர்வால் என்கிற பாதுகாப்புச் சுவரில் அதற்கான வழி திறந்திருந்தது. இன்டர்நெட் வரும் ரௌட்டர் பெட்டி, கடையநல்லூரிலிருந்து வருகிற அழைப்பைச் சர்வருக்குத் திருப்பிவிடும்படி ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. சாதிக்கைப் போனில் கூப்பிட்டு ஒரு பில் போடச் சொன்னேன். போட்டான். வந்தது.

"எல்லாம் சரியா இருக்கு."

"நான் இங்கன இருக்கேம்லா" என்றார் அண்ணாச்சி.

ரௌட்டர் பெட்டியில் சர்வருக்குப் போகும் வயர் ஒன்று. இன்னொரு வயர் சுவரில் ஏறி, ஓட்டை வழியாக அண்ணாச்சியின் தனி அறைக்குள் போனது.

"அது எங்க போகுது?"

"அது பழைய டெலிபோன் வயர். அதெல்லாம் உனக்கு எதுக்கு?"

டெலிபோன் வயர் இவ்வளவு தடிமனாக இருக்காது. கேட்டதும் அவர் லிங்கேஷைப் பார்த்தார். லிங்கேஷ் ஜன்னலைப் பார்த்தான். அதையும் மனதில் வைத்துக்கொண்டேன். இந்த மாடியில் பொய் சொல்கிறவர் ஒருவர் மட்டும் இல்லை.

மதியம் ஆனது. அண்ணாச்சி எழுந்து தன் அறைக்குள் போனார். சிறிது நேரத்தில் வெளியே வந்து அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். ஷிரின் பானுவின் போனையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சாப்பிட்டுட்டு வாரேன். எவளும் எவனும் இங்கனயிருந்து நகரக் கூடாது."

அவர் செருப்புச் சத்தம் படியில் இறங்கிக் கடைசிப் படியைத் தாண்டியது. ராஜேஸ்வரி அக்கா சாப்பாட்டுத் தூக்கை எடுக்கக் குனிந்தார். என் போன் அடித்தது.

"அண்ணே, போச்சு" என்றான் சாதிக்.

ஷிரின் பானுவைப் பார்த்தேன். கை இரண்டும் மடியில் இருந்தன. போன் அவளிடம் இல்லை. பிறகு லிங்கேஷைப் பார்த்தேன். அவன் கையில் போன் இருந்தது.

"சாதிக்குக்கு மெசேஜ் போட்டியால?"

"நானா? நான் எதுக்குண்ணே போடுதேன்? கிரிக்கெட்டு பாக்கேன்."

"காட்டு."

காட்டினான். கிரிக்கெட்தான். ஆனால் அதற்கு அவனுக்கு அவ்வளவு வேர்த்திருக்க வேண்டாம்.

சாதிக்கிடம் திரும்பினேன். "ஸ்க்ரீன்ல என்ன போட்டிருக்கு? எழுத்துக்கூட்டியாவது அப்படியே படி."

அவன் திக்கித் திக்கிப் படித்தான். கடைசியில் ஒரு வார்த்தை வந்தது. "ரெஃப்யூஸ்டு."

"இன்னொரு தடவ படி."

"ஆக்டிவ்லி ரெஃப்யூஸ்டுண்ணே. என்ன, கெட்ட வார்த்தையா?"

கெட்ட வார்த்தை இல்லை. ஆனால் அங்கே அந்த வார்த்தை வரக் கூடாது. வழியில் வயர் அறுந்திருந்தாலோ சாதிக்கே பிடுங்கியிருந்தாலோ கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, யாரும் பதில் சொல்லவில்லை என்று சொல்லும். மறுத்துவிட்டார்கள் என்று சொன்னால் கதை வேறு. அழைப்பு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. இங்கே இருக்கிற ஏதோ ஒன்று அதை வாங்கிப் பார்த்து, முடியாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறது.

சர்வரைப் பார்த்தேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அது எதையும் மறுக்கவில்லை. மறுத்தது வேறு எதுவோ.

இந்தக் கடைக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் உண்டு, வீட்டுக் கதவிலக்கம் மாதிரி. சர்வரின் எண் நூற்றெட்டு. என் லேப்டாப்பை அதே ரௌட்டரில் இணைத்து, நூற்றெட்டைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கச் சொன்னேன். திரையில் வரிவரியாகப் பதில் வந்தது.

"அக்கா, போட்ட பில்லை முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சாச்சு தம்பி."

சர்வரின் பின்னால் போய், ரௌட்டரிலிருந்து வரும் வயரைக் கழற்றினேன். இனி அது யாரோடும் பேச முடியாது. திரும்பி வந்து லேப்டாப்பைப் பார்த்தேன்.

ஒரு வரி தவறியது. பிறகு நூற்றெட்டிலிருந்து மறுபடி பதில் வந்தது. அதன்பின் நிற்கவே இல்லை.

ராஜேஸ்வரி அக்கா எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி ஓடுது?"

"சர்வரைக் கூப்பிடுதேன். பதில் வருது."

"அதத்தான் கழத்திப் போட்டுட்டீய. பெறகு யாரு பதில் சொல்லுதா?"

"அதான் எனக்கும் தெரியணும்."

ஷிரின் பானு முதல்முறையாக நாற்காலியை விட்டு எழுந்து வந்து நின்றாள். லேப்டாப்பில் பிரௌசரைத் திறந்து நூற்றெட்டின் முழு முகவரியை அடித்தேன். ஒரு பக்கம் திறந்தது. மேலே ஒரு காமிராவின் படம். கீழே பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது.

ராஜேஸ்வரி அக்கா மெதுவாகத் தலையைத் தூக்கி மேலே நாலு மூலையையும் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார்.

"ஏலே லிங்கேஷ்" என்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா."

"மூஞ்சியப் பாத்தா தெரியுது. எங்கலே வச்சிருக்கு?"

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "மாமா சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்காவ" என்றான். அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை, அவனே சொன்னான். சுவரில் பாட்டுக்கு வைத்திருக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்குள் ஒரு காமிரா. சரக்கு அறையில் ஒன்று. பதிவு செய்யும் மெஷின் அண்ணாச்சியின் அறையில், பீரோவுக்குப் பின்னால்.

"சரக்கு ரூம்லயா? அங்கனதானல நாங்க சாப்பிட்டுட்டுச் செத்த சாயுதோம்!"

"நான் வேண்டாம்னுதாங்கா சொன்னேன்."

"நீ சொல்லுவ."

நான் கேட்டேன்: "எப்பவும் ஓடுமா?"

"இல்லண்ணே. வச்சே கொஞ்ச நாளுதான் ஆகுது. மாமா வெளிய போறப்போ சுவிட்சப் போட்டுட்டுப் போவாவ. வந்ததும் அணைச்சிருவாவ. இருக்கப்போ நான் பாக்கேன், போறப்போ அது பாக்கட்டும்னு. சும்மா ஓடுனா கரண்டுக்குக் கேடுன்னு."

"நூத்தியெட்டுன்னு எண் போட்டது யாரு?"

லிங்கேஷ் என்னை விசித்திரமாகப் பார்த்தான், அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது மாதிரி. "மாமாவுக்கு எல்லாமே நூத்தியெட்டுதானண்ணே. வேன் நம்பரு, போன் நம்பரு கடைசி மூணு, எல்லாம். காமிராக்காரரு என்ன நம்பர் போடன்னு கேட்டாரு. நூத்தியெட்டப் போடுன்னாவ. முன்னாடி கம்ப்யூட்டர் வச்சவருட்டயும் அதத்தான் சொன்னாவ."

இதுதான் விஷயம். ராசியான எண் என்று இரண்டு கருவிக்கும் ஒரே எண். காமிரா மெஷின் அணைந்திருக்கும்வரை நூற்றெட்டு சர்வர்தான். அண்ணாச்சி வெளியே போகும்போது சுவிட்சைப் போட்டதும் அதுவும் நான்தான் நூற்றெட்டு என்று ரௌட்டரிடம் சொல்லும். ரௌட்டர் கடைசியாகச் சொன்னவனை நம்பும். கடையநல்லூரிலிருந்து வரும் பில் காமிரா மெஷினிடம் போகும். அதற்குப் பில்லைப் பற்றி என்ன தெரியும்? முடியாது என்று திருப்பி அனுப்பும். ராஜேஸ்வரி அக்கா சர்வர் முன்னாலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பதால் அவருக்கு எதுவும் தெரியாது. ஒரே எண்ணில் இன்னொரு கருவி இருக்கிறது என்று திரையின் மூலையில் சர்வர் சொல்லித்தான் பார்த்திருக்கிறது.

"ஆமா, ஒரு பொட்டி வரும். இங்கிலீஷ்ல. நான் பெருக்கல் குறிய அமுக்கி விட்டுருவேன்" என்றார் அக்கா.

ஷிரின் பானு சத்தமில்லாமல் சிரித்தாள். "அப்போ லைன அறுத்தது அண்ணாச்சிதான்."

"நூத்தியெட்டுன்னா ஆம்புலன்ஸுலா. வந்து அள்ளிட்டுப் போயிட்டு" என்றார் ராஜேஸ்வரி அக்கா. ஆனால் முந்தானையை விடவில்லை.

லிங்கேஷ் என் பக்கத்தில் வந்தான். "ஜெயசிங் அண்ணே, கேபிள் கோளாறுன்னு சொல்லிருங்க. காமிரா விசயம் தெரிஞ்சதுன்னா மாமா என்னக் கொன்னுருவாவ. நான் உள்ள போயி எப்படியாவது நம்பர மாத்திருதேன்."

எனக்கு அது சுலபமாக இருந்திருக்கும். அண்ணாச்சி என்னை அடிக்கடி வேலைக்குக் கூப்பிடுகிற ஆள்.

"கேபிள்னு சொன்னா, கேபிள அறுத்தது யாருன்னு கேப்பாரு" என்றாள் ஷிரின் பானு. அவள் என்னைக் கெஞ்சவில்லை. சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அண்ணாச்சி பல்குத்திக்கொண்டே வந்தார். முதலில் கழற்றிக் கிடந்த வயரைப் பார்த்தார். "என்னவே, பிரிச்சுப் போட்டுருக்க?"

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன்.

"இது என்ன படம்?"

"உங்க ரூம்ல ஓடுத காமிரா மெஷின்."

அவர் முகம் மாறவில்லை. கை இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்தது. "என் ரூம எவன்லே தொறந்தான்?"

"யாரும் தொறக்கல. இங்கன இருந்தே தெரியுது." எண் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் லிங்கேஷையே பார்த்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "நம்ப முடியல" என்றார்.

"நீங்களே செஞ்சு பாருங்க. உள்ள போயி அணையுங்க."

சர்வர் வயரைத் திரும்ப மாட்டினேன். அவர் உள்ளே போய் அணைத்தார். சாதிக்கை மறுபடி கூப்பிட்டுப் பில் போடச் சொன்னேன். போனில் அவன், "வந்துட்டு அண்ணே" என்றான்.

அண்ணாச்சி வெளியே வந்து என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டார். "நீ எதுவும் சொல்லாத. நான் போடுதேனா அணைக்கேனான்னு அவனுக்குத் தெரியக் கூடாது." போனோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் குரல் மட்டும் கேட்டது. "இப்போ? இப்போ? எப்படிவே கண்டுபிடிக்க? யாரு சொல்லுதா உனக்கு?" அவர் எத்தனை தடவை ஏமாற்றப் பார்த்தாலும் சாதிக் சரியாகவே சொன்னான்.

அண்ணாச்சி வெளியே வந்து போனை என் கையில் திணித்தார். ராஜேஸ்வரி அக்காதான் கேட்டார். "அண்ணாச்சி, சரக்கு ரூம்ல எதுக்கு?"

"களவு போகாம இருக்கத்தான்."

"நாங்க படுக்கத அங்கனதான்னு உங்களுக்குத் தெரியும்லா?"

"நான் அதெல்லாம் பாக்கல. அந்த ரூம்ல உள்ளத எடுத்துருதேன்" என்றார். எடுப்பாரா என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரிந்திருக்காது.

ஷிரின் பானு எழுந்தாள். "என் போனத் தாங்க. குரூப்ல நீங்க மீதியச் சொல்லணும்."

"சரி சரி. சொல்லிருதேன். நீ போ."

"நான் இருக்கப்போ சொல்லுங்க."

அவர் தன் போனை எடுத்தார். பொத்தானை அமுக்கிப் பிடித்தார். "எல்லாருக்கும் வணக்கம். நம்ம கடை லைன் கோளாறு சரியாப்போச்சு..."

"என் பேரு வரல."

விரலை எடுத்தார். அழித்தார். மறுபடி அமுக்கினார். "நேத்து நான் சொன்னது ஒரு தவறுதலா..."

"யாரு மேல தப்பில்லன்னு சொல்லுங்க அண்ணாச்சி."

"ஏட்டி, சொல்லவிடு!" அதையும் அழித்தார். பிறகு ஒரே மூச்சில் சொன்னார்: "கடையநல்லூர்ல நம்ம கடையப் பாக்குத ஷிரின் பானு மேல எந்தத் தப்பும் இல்ல. நம்ம மெஷின்ல கோளாறு. நேத்து நான் சொன்னத யாரும் மனசுல வச்சுக்கிட வேண்டாம்." விரலை எடுத்தார். போய்விட்டது. பதிலுக்குக் கட்டைவிரல் படங்கள் வர ஆரம்பித்தன.

நம்ம மெஷின் என்றாரே தவிர எந்த மெஷின் என்று சொல்லவில்லை. அவளுக்கு அது போதும் போல. போனை வாங்கிப் பைக்குள் போட்டாள்.

"நாளைக்கு வழக்கம்போல கடையத் தொற" என்றார் அண்ணாச்சி. பிறகு என்னைப் பார்த்து, "நீ உள்ள வா. அந்த நம்பர மாத்து."

உள்ளே போனேன். கதவை ஒட்டிச் சாத்தினார். பீரோவுக்குப் பின்னால் மெஷின் ஒரு பழைய சேலைத் துணிக்குக் கீழே இருந்தது.

"என்ன எண் போடட்டும்?"

"நூத்தியெட்டு கம்ப்யூட்டருக்கு இருக்கட்டும். இதுக்கு எதையாவது போடு."

எதையோ போட்டேன். அவர் என் தோளுக்குப் பக்கத்தில் குனிந்தார். "கடையநல்லூர் கடையிலயும் இதே மாதிரி ஒண்ணு வைக்கணும். அந்தப் பிள்ளைக்குத் தெரியாம. நம்பர் மட்டும் வேறயாப் போட்டுக்கிடுவோம், என்ன?"

"அவங்க மேல தப்பில்லன்னு இப்பத்தான சொன்னீங்க."

"இதுல தப்பில்ல. மத்ததுல?"

"மத்தது என்ன?"

"அதத் தெரிஞ்சுக்கிடத்தான காமிரா."

வெளியே வந்தேன். ஷிரின் பானு பையை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சொன்னாரு?" என்றாள்.

"உங்க கடையிலயும் ஒண்ணு வைக்கணுமாம். உங்களுக்குத் தெரியாம."

நல்லவன் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தக் காமிரா ஒருநாள் வெளியே தெரியும். அன்றைக்கு அதை மாட்டியவன் நானாகத்தான் இருப்பேன்.

அண்ணாச்சி அறை வாசலில் வந்து நின்றார். கேட்டுவிட்டார் என்று தெரிந்தது. ஷிரின் பானு அவரைப் பார்த்துச் சொன்னாள். "கடைச் சாவி சாதிக் கைல இருக்கு. கொண்டாந்து தருவான். நான் இனிமே வரல."

"ஏட்டி, சொன்னேம்லா, குரூப்லயே சொன்னேம்லா! இன்னைக்கு வேலைய விட்டுட்டுப் போனா ஊரு என்ன சொல்லும்?"

"நீங்க சொன்னதத்தான் சொல்லும். எல்லாரும் கேட்டாச்சு."

அவள் படியில் இறங்கினாள். ராஜேஸ்வரி அக்கா தன் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார், மூடினார். அண்ணாச்சி படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பார்வை திரும்பி என் மேல் நின்றது.

"கதவச் சாத்துலே" என்றார் லிங்கேஷிடம்.

அவன் சாத்தினான்.

"பூட்டு."

லிங்கேஷ் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, அவள் போன கதவை உள்பக்கமாகப் பூட்டினான்.